எயிட் பால், நைன் பால், ஸ்னூக்கர்: சென்னையில் மேசை எடுப்பவருக்கு எது பொருந்தும்?

சென்னையில் கியூ எனும் ஆட்டக்கோலைப் பிடிக்கத் தொடங்கும் பெரும்பாலோர் பூல் மேசையில் எயிட் பால் ஆடிப் பழகி, அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதே மேசையில், அதே மணிக்கட்டணத்தில் நைன் பாலும் ஆடலாம். சற்றுத் தேடினால் 12 அடி நீள ஸ்னூக்கர் மேசையும் கிடைக்கும். ஆட்டத்தில் தேற வேண்டும் என்ற ஆர்வமுள்ளவர் எயிட் பாலைக் கொஞ்சம் சீக்கிரமே தாண்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

எயிட் பாலின் பலம் அது தரும் தேர்வுரிமை. முழுவண்ணப் பந்துகள் ஏழு, பட்டைப் பந்துகள் ஏழு, கடைசியில் கறுப்பு 8. தம் ஏழு பந்துகளை எந்த வரிசையிலும் போடலாம் என்பதால், எதிராளியின் வழியை மறித்து நிற்கும் பந்தை வேண்டுமென்றே விட்டுவைப்பது, நெருக்கமாகக் கிடக்கும் பந்துகளை எப்போது கலைப்பது என்று முடிவெடுப்பது போன்ற நுட்பங்களுக்கு இடமுண்டு. ஆனால் கூடங்களில் ஆடப்படும் எயிட் பால் பல நேரங்களில் அந்த ஆட்டமே அல்ல. சர்வதேச விதிப்படி ஃபவுல் (விதிமீறல்) ஆனால் எதிராளி, கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தை மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். கூடங்களிலோ ஓரிடத்தில் இரண்டு வாய்ப்பு தருவார்கள், வேறோரிடத்தில் பிரேக் எனும் தொடக்க அடிக்கான கோட்டுக்குப் பின்னாலிருந்து மட்டும் அடிக்கச் சொல்வார்கள். இந்தக் கோட்டு விதியில், எதிராளியின் பந்துகள் கோட்டுக்குப் பின்னால் கிடந்தால் அவற்றை நேரடியாக அடிக்க முடியாது. ஆகவே வேண்டுமென்றே ஃபவுல் செய்பவருக்கே லாபம் கிடைக்கக்கூடும். தவறு செய்தவருக்குப் பரிசளிக்கும் விதியில் தற்காப்பு ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது கடினம். பிரேக்குக்கு முன்பே விதியைப் பேசி முடித்துக்கொள்வது நட்புக்கும் நல்லது.

நைன் பாலில் அந்தத் தேர்வுரிமையே கிடையாது. மேசையில் உள்ள பந்துகளில் மிகச் சிறிய எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். 9 விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எளிமையாகத் தோன்றும் இந்த ஒரு கட்டுப்பாடுதான் ஆட்டக்காரரை வளர்க்கிறது. 3ஆம் பந்தைப் போடும்போதே, வெள்ளைப் பந்து 4ஆம் பந்துக்கு எந்தப் பக்கம் நின்றால் அதைப் போட்டுவிட்டு 5ஆம் பந்துக்கு இயல்பாகப் போய்ச்சேரும் என்று யோசித்தாக வேண்டும். தப்பான பக்கத்தில் நின்றுவிட்டால், பந்து விழுந்தாலும் அடுத்த நகர்வுக்கு இரண்டு மூன்று குஷன்களில் (மேசையின் ஓர விளிம்புகளில்) மோதிச் சுற்றி வர வேண்டியிருக்கும். எயிட் பாலில் இந்தப் பிழையை வேறொரு பந்தைத் தேர்ந்தெடுத்து மறைத்துவிடலாம். நைன் பாலில் மறைக்க முடியாது. தனியாக ஒரு மணி நேரம் மேசை எடுப்பவர் ஆறு பந்துகளை மட்டும் பரப்பி, 1 முதல் 6 வரை வரிசையாகப் போட்டுப் பழகினால் வெள்ளைப் பந்து மெல்லக் கட்டுக்குள் வரும்.

அதிர்ஷ்டம் அதிகம் என்பதே நைன் பால் மீது வைக்கப்படும் நியாயமான குறை. சரியான பந்தை முதலில் தொட்டுவிட்டால், அதன்பின் எந்தப் பந்து எந்தக் குழியில் தற்செயலாக விழுந்தாலும் பெரும்பாலான போட்டி விதிகளில் செல்லும். இரண்டாவது அடியிலேயே 9 உருண்டு விழுந்து எதிராளி சிரித்துக்கொண்டே கை கொடுப்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இதனால்தான் நீண்ட பந்தயங்கள் வைக்கிறார்கள். 1996இல் ஹாங்காங்கில் முதலில் 120 ஆட்டங்களை வெல்பவருக்கு வெற்றி என்று நடந்த பந்தயத்தில் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ், அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டை 120-117 என்று வென்றார். அதிர்ஷ்டமே பிடிக்காதவர்களுக்கு, பந்தையும் குழியையும் முன்பே அறிவிக்க வேண்டிய டென் பால் இருக்கிறது. ஆனால் தொடக்கக்காரர்களுக்கு அது ஆமை வேகத்தில் நகரும்.

ஸ்னூக்கரின் கணக்கு வேறு. பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர். பந்து சிறியது, மேசை பெரியது, குழியின் வாய் குறுகலாகவும் உதடுகள் வளைந்தும் இருப்பதால், பூலில் குழியின் ஓரத்தைத் தேய்த்து உள்ளே போகும் பந்து இங்கே ஆடி ஆடி வெளியே வந்துவிடும். புதியவர்கள் இருவர் ஆடும் ஒரே ஃபிரேம் (ஒரு தனி ஆட்டம்), எடுத்த ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

இருந்தும் போட்டி ஆட்டத்தில் மேலேற நினைப்பவருக்குச் சென்னையில் ஸ்னூக்கரே தெளிவான வழி. பயிற்சி, மாநிலப் போட்டிகள், மூத்த ஆட்டக்காரர்களின் துணை ஆகியவை இந்த ஆட்டத்தைச் சுற்றியே வளர்ந்துள்ளன. விதிகள் எழுத்து வடிவம் பெற்ற இடங்களில் ஒன்றாக ஊட்டி கிளப் சொல்லப்படுவதால், இது நமக்கு அந்நியமான ஆட்டமும் அல்ல. 2025இல் தோஹாவில் உலகப் பெண்கள் ஸ்னூக்கர் பட்டத்தை வென்ற அனுபமா ராமச்சந்திரன் சென்னைக்காரர். ஸ்னூக்கரில் பழகிய குறிபார்த்தல் பூலுக்கும் உதவும். பூலில் மட்டும் பழகியவர் பெரிய மேசைக்கு மாறும்போது நீண்ட அடிகளில் திணறுவார்.

மேசையைத் தேர்ந்தெடுக்கும்போது குளிர்சாதனத்தையும் கவனிக்க வேண்டும். கடற்காற்றின் ஈரம் ஏறிய துணியில் பந்து மெதுவாக ஓடும்; குஷனில் பட்டுத் திரும்பும் கோணமும் மாறும். மாலையில்தான் குளிரூட்டியைப் போடும் கூடத்தில், பகலில் கணித்த வேகம் இரவில் பொருந்தாது.

பார்த்து ரசிக்க விரும்புவோருக்கு நேரக் கணக்கும் முக்கியம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலுள்ள குரூசிபிள் அரங்கில் 1977 முதல் நடந்துவரும் உலக ஸ்னூக்கர் போட்டியில், அங்கே பிற்பகல் 2.30க்குத் தொடங்கும் அமர்வு நமக்கு இரவு 7 மணி. அலுவலகம் முடிந்து வந்து பார்க்க வசதி. 1994 முதல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் மஸ்கோனி கோப்பை நைன் பாலின் திருவிழா: ஒவ்வொரு மோதலிலும் முதலில் 5 ஆட்டங்களை வெல்பவருக்கு ஒரு புள்ளி, அடிக்க 30 வினாடி, பின்னால் ஆரவாரம். லண்டனில் நடக்கும் ஆண்டுகளில் அங்கே மாலை அமர்வு என்றால் இங்கே நள்ளிரவு. அமெரிக்காவில் நடந்தால் விடியற்காலையில் எழ வேண்டியிருக்கும்.