15 நிமிடத்தில் ஒரு நோய்ப்பெயர்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் நான், டிக்டாக் காணொளிகளைப் பார்த்து எனக்கும் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) இருக்கும் என்று நம்பி, இணையவழி மருத்துவச் சேவை ஒன்றில் பணம் கட்டினேன். செயலி தடங்கலின்றி இயங்கியது. ஆனால் திரையில் தோன்றிய மருத்துவர், 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தென்பட்டனவா என்ற அடிப்படைக் கேள்வியைக்கூடக் கேட்காமல், 15 நிமிடத்தில் அக்கோளாறுக்கான மெத்தில்பெனிடேட் மருந்தை எழுதித் தந்தார். (அதற்குச் சான்று தேட உதவும் என் பள்ளி அறிக்கைகள் அம்மாவின் அலமாரியில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.) தென்னாப்பிரிக்காவில் அது கடும் கட்டுப்பாடுள்ள ஆறாம் அட்டவணை மருந்து, ஒரே மருந்துச்சீட்டைக் காட்டி மறுமுறை வாங்க இயலாது என்பதால், ஒவ்வொரு சீட்டுக்கும் ஆலோசனைக் கட்டணம் வேறு. டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 ஏடிஎச்டி காணொளிகளில் 52 தவறான தகவல் தருபவை என்று 2022இல் வெளியான ஆய்வு கூறியது. அவற்றை நம்பி வந்தவனிடம் இச்சேவை மறுகேள்வி எழுப்பவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தம்பி, ரத்த அழுத்தம் பார்த்தார்களா?” என்றார். பார்க்கவில்லை.