மில்லேயின் கதிர் பொறுக்கும் பெண்களைப் பார்த்து ஒயில் பெயின்ட் பழகினேன்: இரண்டு வருசத்துக்குப் பிறகு

ஒயில் பெயின்ட் பழகுகிறவர்கள் பூச்சாடி, அப்பிள் என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை, நேராகப் பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ படத்தில் போய்க் கை வைத்தேன். மூலம் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுத்த வயலில் மூன்று பெண்கள் சிந்தின கதிரைப் பொறுக்குகிறார்கள், தூரத்தில் கதிர்க் குவியல்கள், வலப்பக்கம் குதிரையில் ஒருத்தர். அது கோதுமை, இங்கே நெல், மற்றபடி கிழக்கிலங்கைக் காரைதீவுக்காரிக்கு விளங்காதது ஒன்றுமில்லை: குவியல் என்றால் நாங்கள் ‘சூடு’ என்கிற கதிர்ப்போர், குதிரையில் இருப்பவர் வயற்சொந்தக்காரப் போடியாரின் ஆள்.

முதல் தரம் கட்டம் போடாமல் கண்ணளவில் கீறினேன். தொடுவானம் அரை அங்குலம் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் பிழை, ஆனால் குனிந்த இரண்டு பேரின் தலையும் வானத்துக்குள் போய், ஏதோ கடற்கரையில் சிப்பி பொறுக்க வந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். மில்லே அந்த இருவரின் தலையையும் வயலுக்குள்ளேயே அமுக்கி வைத்திருக்கிறார், பாரம் தெரிவதே அதனால்தான். இரண்டாம் தரம் மூலத்தில் பாதி, 42க்கு 55 சென்ரிமீற்றர், கட்டம் போட்டுத்தான் தொடங்கினேன்.

அப்பவும் இடுப்பு சரிவரவில்லை. அம்மம்மா சின்ன வயசில் வட்டையில், அதாவது வயல்வெளியில், கதிர் பொறுக்கினவ. எட்டிப் பார்த்துவிட்டு, “என்னகா இது, குந்தி எழும்பிற மாதிரி கீறியிருக்காய்? முழங்கால் இல்ல, இடுப்புத்தான் மடங்கும். பொறுக்கினத ஒரு கையால முதுகுக்குப் பின்னால பிடிச்சிருப்பம்” என்று குனிந்தே காட்டினா. திரும்பிப் படத்தைப் பார்த்தால் இடப்பக்கத்துப் பெண்ணின் கை அப்படியே முதுகில் இருக்கிறது! மாதக்கணக்காகப் பார்த்த படம், கவனிக்கவேயில்லை.

முகத்துக்குக் கண், மூக்கு வைக்க ஒரு கிழமை வீணாக்கினேன். மூலத்தில் முகமெல்லாம் நிழல். வெளிச்சம் முதுகிலும் தோளிலும்தான் விழுகிறது, அதைவிட வெளிச்சம் தூரத்து வயலில். நான் கண்ட நெல்வயல் மஞ்சளைக் கால்மாட்டு நிலத்திலும் அள்ளிப் பூசியதால் பெண்கள் முன்னுக்கு வரவேயில்லை. பேர்ன்ட் அம்பர் என்ற கடும் மண்ணிறத்தால் அந்த நிலத்தை இருட்டாக்கின பிறகுதான் எழும்பி வந்தார்கள். நிறத்துக்குப் போனையும் நம்ப வேண்டாம், மூன்று இடத்தில் இறக்கின படம் மூன்று நிறம், கொமினிகேசன் கடையில் எடுத்த பிரின்ட் நாலாவது நிறம்.

சாமான் பற்றி. வெள்ளை ரியூப்தான் முதலில் முடியும், பெரிதாக வாங்குங்கள். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடவும் இருக்க வேண்டும், மாறினால் பூச்சு வெடித்துப் பிளக்கும். ஒயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகும். மார்கழி மழை ஈரத்தில் அது மந்தமாகி, ஒரு பூச்சுக்கு மற்ற நாளைப்போல இரண்டு மடங்கு காத்திருந்தேன். அப்படி இறுகும்போது சூடும் வரும், பெயின்டில் கலக்கிற லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். நான் நனைத்து, விரித்துக் காயப்போட்டுத்தான் எறிகிறேன்.

என் பெரிய முட்டாள்தனம் வேறு. ஒரு நாள் லின்சீட் முடிந்துபோக, கடைக்குப் போகப் பஞ்சிப்பட்டு வலப்பக்க மூலைக்குத் தேங்காய் எண்ணெய் கலந்தேன். தேங்காய் எண்ணெய் இறுகாத சாதி, பிரஷ் கழுவ நல்லது, படத்துக்கு ஆகாது. ஒரு வருசம் தாண்டியும் அந்த மூலையில் விரல் வைத்தால் ஒட்டுது, கடற்காற்றில் வந்த குறுமணலும் ஒட்டியிருக்கு. மற்ற இடமெல்லாம் வார்னிஷுக்குத் தயார். வாற பெரும்போக அறுவடைக்கு முன் அந்த மூலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, போடியாரின் ஆளைக் குதிரையோடு திரும்பக் கீற வேண்டும்.