பல கேம் கிளையன்ட்டுகளுக்கு ரைசன் 5 5600 போதுமா?

நான்கைந்து கேம் கிளையன்ட்டுகளை (ஒவ்வொன்றும் தனி ஜன்னலில் ஓடும் கேம் நிரல்) ஒரே கணினியில் ஓட்ட, குறைந்த செலவில் ஏஎம்டியின் ரைசன் 5 5600 அருமையான ப்ராசசர். 6 கோர், 12 த்ரெட் (ஒரே சமயத்தில் ஓடும் வேலை இழைகள்), 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேகச் சிறு மெமரி). பழைய ஆன்லைன் கேம்கள் ஓரிரு த்ரெட்டையே பெரிதும் நம்புவதால், கோர்கள் கிளையன்ட்டுகளுக்குள் நன்றாகப் பங்கிடப்படும். உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட 5600ஜி வேண்டாம், அதன் கேஷ் 16 எம்பிதான். ஆனால் 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்.

உண்மையில் முதலில் திணறுவது மெமரிதான். ஒரு கிளையன்ட் எவ்வளவு ரேம் பிடிக்கிறது என்று டாஸ்க் மேனேஜரில், கூட்டம் மிகுந்த இடத்தில் நிற்கும்போது பாருங்கள். 3 ஜிபி என்றால் ஐந்துக்கு 15; விண்டோஸுக்கு இன்னும் 4, 5 வேண்டும். 16 ஜிபி பற்றாது. 16 ஜிபி ரேம் குச்சிகள் இரண்டு வாங்கி டூயல் சேனலில் (இரண்டும் சேர்ந்து இயங்கும்படி) போடுங்கள். ஒற்றைக் குச்சி வேகத்தைக் கெடுக்கும்.

கிராபிக்ஸ் கார்டில் சிப்பைவிட விரேம் (கார்டின் சொந்த மெமரி) முக்கியம். 4 ஜிபி கார்டு நிரம்பியதும் டெக்ஸ்சர்கள் (கேம் காட்சிப் பரப்புகளின் படங்கள்) ரேமுக்கு வழியும், எல்லா ஜன்னல்களும் ஒன்றாகத் திக்கும். 8 ஜிபி எடுங்கள். பின்னணி ஜன்னல்களில் டெக்ஸ்சரைக் குறைத்து, எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை படங்கள்) 15-20க்குள் கட்டுப்படுத்தினால் சுமை வெகுவாக இறங்கும்.

எஸ்எஸ்டி இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம். சில கேம்கள் பல கிளையன்ட்டுகளைத் தடை செய்கின்றன; வாங்குமுன் விதிகளைப் படியுங்கள்.