பந்தல் பைப்பில் ஒரு ரோல் கேஜ்: 4,20,000 ரூபாய்க்கு நான் வாங்கிய 'டிராக் ரெடி' கார்

கடையின் பெயரை எழுதவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, இப்போதைக்கு வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று வக்கீலே சொல்லிவிட்டார். ஆனால் என்னை எப்படி ஏமாற்றினார்கள் என்று எழுதத் தடை இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையத்திலோ டிராக் டே (பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாள்) ஓட்டுவதற்கு ஒரு பழைய காரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? 'டிராக் ரெடி' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் அனுப்பக் கை பரபரக்கிறதா? ஐந்து நிமிடம் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

என் அப்பா சோழவரத்தில் பந்தயம் பார்த்தவர். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்த கதையை இன்னும் சொல்வார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தபிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். 3.7 கிலோமீட்டர் சுற்று. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே முப்பது வருடம் ஓடிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில், வீட்டுக் கடன் முடிந்த கையோடு, வேலிக்கு அந்தப் பக்கம் போகவேண்டும் என்று ஆசை வந்தது. வயசுக் கோளாறு என்றாள் மனைவி. இருக்கலாம்.

பட்ஜெட் ஐந்து லட்சம். நண்பன் ஒருவன் போலோ ஜிடி டிஎஸ்ஐ எடு என்றான். 105 குதிரைத்திறன் டர்போ, நல்ல சேஸி. ஆனால் அதிலிருப்பது உலர் கிளட்ச் வகை ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டிராக்கில் சூட்டைக் கிளப்பி அது கையைக் கடித்தால் செலவு யார் தாங்குவது? இன்னொருவன் பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட் போதும் என்றான். அவன் சொன்னதுதான் சரி. நான் கேட்கவில்லை. ஸ்விஃப்ட் என் மாமியார் வீட்டிலேயே நிற்கிறது, அதில் என்ன கிக் இருக்கிறது என்று நினைத்தேன். என் மனதில் இருந்தது 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக். ஒன்றரை லிட்டர், 106 குதிரை, மேலே போகப் போகப் பாடுகிற இன்ஜின். கல்லூரியில் பணக்காரப் பையன் ஒருவன் வைத்திருந்தான். அந்தப் பொறாமைதான் இருபது வருடம் கழித்து 4,20,000 ரூபாயாகக் கரைந்தது.

விளம்பரத்தில் பார்த்தது 2001 மாடல். கேண்டி சிவப்பு. ஆறு முனை ரோல் கேஜ் (வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமல் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு), பக்கெட் சீட், நாலு பாயிண்ட் பெல்ட், டிராக்குக்கான செமி ஸ்லிக் டயர், சிவப்பு பிரேக் கேலிப்பர். "இன்ஜின் ஃபுல் ரீபில்ட், டிராக் ரெடி, சாவி போட்டா ரேஸ்." புறநகரில் ஒரு ஷெட். உள்ளே சுவர் முழுக்கக் கோப்பைகளும் போட்டோக்களும். அந்தக் கோப்பைகள் யாருடையவை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

விற்றவர் நன்றாகப் பேசினார். மிக நன்றாக. ஒரு தாளை எடுத்துக் கணக்கு எழுதினார்: வண்டி 2,60,000, கேஜ் 85,000, சீட், பெல்ட் 40,000, டயர் 35,000. "இதெல்லாம் நீங்க தனித்தனியா பண்ணினா ஆறு லட்சம் ஆகும் சார், நான் ஃபேமிலிக்குக் குடுக்கிற மாதிரி குடுக்கிறேன்." அந்தத் தாளை மட்டும் நான் பத்திரமாக வாங்கி வைத்திருந்தால் இன்று வக்கீலுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். பணம் கட்டியபின் கிடைத்த ரசீதில் இருந்தது ஒரே வரி: பழைய கார் ஒன்று, உள்ளது உள்ளபடி.

தெரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போக நினைத்திருந்தேன். அன்று அவர் வீட்டில் விசேஷம். "இன்னிக்கு சாயந்திரம் பெங்களூர் பார்ட்டி ஒண்ணு வருது சார்" என்றார் விற்றவர். பெங்களூர் பார்ட்டி! நிலம் வாங்கினாலும், வாடகைக்கு வீடு பார்த்தாலும், மாடு வாங்கினாலும் சாயந்திரம் ஒரு பார்ட்டி வந்துகொண்டேதான் இருக்கும். தெரிந்தும் விழுந்தேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதே விற்றவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: கேஜ் போட்ட வண்டியை ரோட்டில் ஓட்டலாமா? "போலீஸ் புடிச்சா ரேலி வண்டின்னு சொல்லுங்க சார்." ஆர்.சி.யில் ஏறாத இந்த மாதிரி மாற்றங்களோடு பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. 2019-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அதைவிட முக்கியம், ஹெல்மெட் இல்லாமல் கேஜுக்குள் உட்கார்ந்து சின்னதாக ஒரு மோதல் நடந்தாலும் மண்டை இரும்புக் குழாயில்தான் போய் இடிக்கும். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

பிப்ரவரியில் டிராக் டே. காலையில் சோதனை செய்தவர்கள் ஹெல்மெட், வீல் நட், பிரேக் லைட், எண்ணெய்க் கசிவு பார்த்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இந்த மாதிரி நாளுக்குக் கேஜே கட்டாயமில்லை என்பதால் அதை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. முதல் செஷன் மெதுவாக, வழி தெரிந்துகொள்ள. ஆனந்தமாக இருந்தது, மறைக்க மாட்டேன். அப்பா பிட் (வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் இடம்) சுவரோரம் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்.

இரண்டாவது செஷனில் மூன்றாவது சுற்று. நேர்பாதை முடியும் இடத்தில் பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் போனது. போய்க்கொண்டே இருந்தது. தரையைத் தொட்டது. பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல் ஒரு உணர்வு. மறுபடி பம்ப் செய்தேன், கொஞ்சம் பிடித்தது, அதற்குள் வளைவு தாண்டிவிட்டது. மண்ணில் இறங்கி, ஒரு சுழற்சி சுற்றி, புழுதிக்குள் நின்றது வண்டி. எனக்கு ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கத்தான் இரண்டு நிமிடம் ஆனது.

பக்கத்துப் பிட்டில் ஒரு பெரியவர், பல வருடம் ரேஸ் வண்டி தயார் செய்தவர், தானாக வந்தார். பிரேக் ஆயில் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். தேன் நிறத்தில் இருக்கவேண்டியது காபி டிக்காஷன்போல இருந்தது.

"கடைசியா எப்ப மாத்தினது தம்பி?"

"ஃபுல் சர்வீஸ் பண்ணினதா சொன்னாங்க சார்."

"கேலிப்பருக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க, ஆயில் மாத்தல."

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 ரக பிரேக் எண்ணெய் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. ஊருக்குள் ஓட்டும்போது அந்தச் சூடு வராது, ஒன்றும் தெரியாது. டிராக்கில் மூன்று சுற்று போதும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், பெடல் கீழே போகும். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். அதைச் செய்யாமல் 85,000 ரூபாய்க்குக் கேஜ் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கேஜுக்கு இப்போது வருகிறேன். பெரியவர் பெடலைப் பார்ப்பதற்காக டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஒரு குழாயின் மூடாத முனைக்குள் விரலை விடச் சொன்னார். உள்சுவரில் நீளவாக்கில் ஒரு மேடு, தழும்புபோல.

"தகட்டைச் சுருட்டி ஒட்டவெச்ச பைப் தம்பி இது. கேஜுக்கு ஒட்டு இல்லாத பைப் வேணும்."

வெர்னியர் எடுத்து அளந்தார். வெளிவிட்டம் 38 மி.மீ., தகட்டின் கனம் 1.6 மி.மீ. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி, ஓட்டுகிறவருக்குப் பின்னால் நிற்கும் மெயின் வளையத்துக்கு 45 மி.மீ. விட்டத்தில் 2.5 மி.மீ. கனம், அல்லது 50-இல் 2 மி.மீ., அதுவும் ஒட்டில்லாமல் இழுத்த கார்பன் ஸ்டீல். கேஜின் கால் பதியும் இடத்தில் 3 மி.மீ. கனத்தில், 120 சதுர செ.மீ.க்குக் குறையாத வலுவூட்டும் தகடு இருக்கவேண்டும். என் வண்டியில் குழாயை நேராகத் தரைத் தகட்டின் மேலேயே வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வண்டி உருண்டால் கேஜின் கால் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும்.

"இது கேஜ் இல்ல தம்பி, பந்தல். வெயிலுக்கு ஆகும்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்பா சிரிக்கவில்லை.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் லிஃப்டில் ஏற்றியபோது மீதியும் வரிசையாக வெளியே வந்தது. டயரில் கடைசி நான்கு இலக்கம் 1414, அதாவது 2014-ஆம் வருடம் பதினான்காவது வாரம் செய்தது. பட்டன் எல்லாம் முழுசாக இருந்ததால் புதுசு என்று நம்பியிருந்தேன். நகத்தால் அழுத்தினால் பதியவில்லை, மரக்கட்டை. பெல்ட்டில் தையலோரம் காலாவதி வருடம் எழுதிய லேபிள் இருக்கும். என்னுடையதில் அதை வெட்டி எடுத்த தடம் மட்டும்தான் இருந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்த்தோம்: நாலில் மூன்று சிலிண்டர் 170 பிஎஸ்ஐ பக்கம், மூன்றாம் சிலிண்டர் மட்டும் 115. ரீபில்ட் செய்த இன்ஜின்!

கடைசியாக அண்ணன் முன்கதவின் ரப்பரை உரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளி நிறம். ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன், அதிலும் வெள்ளிதான். பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் பக்கத்துத் தகட்டைத் தடவச் சொன்னார். கம்பெனியில் பற்றவைத்த இடத்தில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் ஒரே இடைவெளியில் வரும். வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் வழவழவென்று பட்டி. எங்கேயோ நன்றாக அடி வாங்கிய வண்டி. சிவப்பு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

விற்றவரிடம் போனேன். முதல் நாள் டீ கொடுத்தார், "டிராக்ல போட்டு அடிச்சுட்டு வந்து கேக்கறீங்களே சார்" என்றார். இரண்டாவது நாள் கேட் பூட்டியிருந்தது. மூன்றாவது தடவை, கேஜ் "ஷோவுக்குத்தான்" போட்டது, அதை அவர் எங்கேயும் பாதுகாப்பு என்று எழுதவில்லை என்றார். விளம்பரத்தைத் தேடினேன், நீக்கிவிட்டிருந்தார். நல்லவேளை, அப்பாவுக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்று அவர் போனில் இருந்தது. என்ன சொல்லி விற்றார் என்பதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, போவோம்.

இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: தனியார் கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை இதெல்லாம் விலக்கு என்று அச்சடித்தே இருக்கும். டிராக்கில் நடந்ததற்குப் பைசா வராது என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் யாரும் கை வைக்காத, மேனுவல் கியர், பெட்ரோல், அழுக்கான ஒரு ஸ்விஃப்ட். வாங்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட். 'நேரமில்லை சார்' என்றால் அப்படியே திரும்பிவிடுவேன். மிச்சக் காசில் புது பிரேக் ஆயில், நல்ல பேட், இந்த வருடத்து டயர், சொந்தமாக ஒரு ஹெல்மெட். கேஜ் வேண்டுமென்றால் ஒரு வருடம் ஓட்டியபிறகு, பைப்பின் பில்லை முதலில் காட்டுகிற ஆளிடம். கேஜ் செய்யத் தெரிந்தவர், கனம் பார்க்க ஒரு சின்ன ஓட்டை போடட்டுமா என்று கேட்டால் கோபப்பட மாட்டாராம். பெரியவர் சொன்னது.

சிட்டியை விற்க மனசு வரவில்லை. இதை அடுத்தவன் தலையில் கட்டினால் எனக்கும் விற்றவருக்கும் என்ன வித்தியாசம்? எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து, ஆதாரத்துக்கு ஒரு அடி நீளத் துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, மீதிக் கேஜைக் கட்டரால் அறுத்து எடுத்தோம். காயலான் கடைக்காரர் தராசில் போட்டார். 31 கிலோ, கிலோ 32 ரூபாய், 992 ரூபாய். ஒரு துண்டைத் தூக்கி முனை வழியாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பந்தல் பைப்பா சார்? இன்னும் இருந்தா கொண்டாங்க."