மத்ஹபு கேக்காமலே அஸர் நேரம் காட்டுற ஆப் - 5க்கு 3 ஸ்டார்

தொழுகை நேரம்னு தேடுனா மேலயே வர்ற ஆப்ல ஒண்ணு, ஒன்றரை வருஷமா என் போன்ல இருக்கு. நான் கீழக்கரை பொண்ணு, ஷாஃபி மத்ஹபு (மத்ஹபுன்னா மார்க்க சட்டத்துல ஒரு இமாமோட வழி). வாக்கப்பட்டு வந்தது உத்தமபாளையம், ராவுத்தர் குடும்பம், வீடு முழுக்க ஹனஃபி, அது வேற மத்ஹபு. ஆம்பளைங்க பாங்கு (தொழுகை அழைப்பு) கேட்டதும் பள்ளிவாசலுக்கு போயி இமாம் பின்னாடி நின்னுருவாங்க, வீட்டுல தொழுவுற எனக்கு ஷாஃபி அஸர் (சாயங்கால தொழுகை) எப்ப வந்துச்சுன்னு பாக்க இந்த ஆப் தான், ஏன்னா எங்க தெரு பள்ளில ஹனஃபி நேரத்துக்கு தான் பாங்கு சொல்லுவாங்க.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஒரு குச்சிய நட்டு வச்சா உச்சி நேரத்து நிழல கழிச்சிட்டு மிச்ச நிழல் குச்சி அளவுக்கு வந்ததும் ஷாஃபில அஸர் வந்துரும், மத்த ரெண்டு மத்ஹபு மாலிக்கி, ஹன்பலிலயும் அப்டித்தான். ஹனஃபில ரெண்டு மடங்கு வரணும். மார்ச் மாசம் எங்க ஊருக்கு 3.45 சுமாருக்கு ஒண்ணு, 4.45 தாண்டி இன்னொண்ணு, ஒரு மணி நேரம் வித்தியாசம்!

இந்த ஆப்ல அத மாத்திக்கலாம், அது நல்ல விஷயம். ஆனா எங்க ஒளிச்சு வச்சிருக்காங்க பாருங்க, செட்டிங்ஸ் உள்ள போயி கணக்கு முறைன்னு இருக்கறத தொட்டு அதுக்கும் கீழ போனா தான் வருது, அங்கயும் ஷாஃபின்னு பேர் கெடயாது, ஸ்டாண்டர்ட்னு போட்டிருக்கு, பக்கத்துல ஹனஃபி. இன்ஸ்டால் பண்றப்ப உங்க மத்ஹபு என்னன்னு ஒரு கேள்வி கேட்டா முடிஞ்சு போச்சு.

இது சின்ன விஷயம் இல்லைங்க. 2025 பிப்ரவரி கடைசில சென்னைல நாத்தனார் ஃப்ளாட்டுக்கு நானும் மாமியும் (மாமியாரு) போயிருந்தோம், அங்க பாங்கு சத்தமே கேக்காது, மாமி போன்ல புதுசா இத போட்டு குடுத்தேன், அவங்களும் அத நம்பி நாலு நாள் அஸர் தொழுதிருக்காங்க, எல்லாம் ஸ்டாண்டர்ட் நேரம், ஹனஃபி நேரம் வர்றதுக்கு முன்னாடி. ஹஸ்ரத்கிட்ட (மார்க்கம் படிச்சவரு) கேட்டதுக்கு ஹனஃபி மத்ஹபோட இமாம் அபூஹனீஃபாவோட மாணவர்கள் அபூயூசுஃப், முஹம்மத் ரெண்டு பேரும் ஒரு மடங்குன்னு தான் சொல்லிருக்காங்க, அதனால தொழுகை செல்லும்னாங்க. மாமிக்கு மனசு கேக்கல, நாலயும் களா செஞ்சாங்க, அதாவது திரும்ப தொழுதாங்க. முட்டி வலியோட அவங்க செஞ்சத பாக்க எனக்கு அழுகையா வந்துருச்சு.

அதோட விடல. ஊருக்கு வந்தப்புறமும் என் போன்ல லொகேஷன் ஆஃப்ல இருந்துச்சு, ஆப் சென்னையவே பிடிச்சுக்கிட்டு இருந்துருக்கு. மார்ச் 2 மொத நோம்பு. மஃரிப் (சூரியன் மறைஞ்சதும் வர்ற தொழுகை) பாங்கு போன்ல அடிச்சதும் நோம்பு தொறக்க பேரீச்சம்பழத்த வாயில போட்டுட்டேன். "பள்ளில இன்னும் பாங்கு சொல்லலையேம்மா"ன்னு மாமி சொல்றாங்க, நான் முழுங்கியாச்சு. சென்னைக்கும் எங்களுக்கும் அந்த மாசத்துல ஒரு 12 நிமிஷம் வித்தியாசம், நாங்க மேற்க இருக்கோம்ல. அந்த நோம்ப பெருநாள் கழிச்சு களா புடிச்சேன். எந்த ஊர் நேரம்னு ஸ்க்ரீன்ல பெருசா போட வேணாமா, ஓரத்துல பொடி எழுத்துல இருந்தா யாரு பாப்பா.

இன்னொரு குறை தொழுகை முறைன்னு படம் போட்டு சொல்லித்தர்ற பகுதி. அதுல ஒரே முறை தான் இருக்கு, எந்த மத்ஹபுன்னும் போடல. அத பாத்துட்டு எம்மக, 9 வயசு, "உம்மா நீங்க ஸுப்ஹுல எதுக்கு கையேந்துறீங்க, இதுல இல்லையே"ன்னு கேக்குது. ஷாஃபில ஸுப்ஹு (விடியக்கால தொழுகை) ரெண்டாவது ரக்அத்துல (தொழுகைல ஒரு சுத்து) ருகூவுல (குனியறது) இருந்து எழுந்து குனூத்ங்கற துஆவ ஓதணும், அத்தா (அவ அப்பா) ஹனஃபி, அவங்க வித்ருல (ராத்திரி தொழுகை) ருகூவுக்கு முன்னாடி ஓதுவாங்க, ரெண்டும் சரிதான்னு ஒக்காந்து சொன்னேன். இமாம் அபூஹனீஃபா மவுத்தான (இறந்துபோன) ஹிஜ்ரி 150ல தான் இமாம் ஷாஃபி பொறந்தாங்கன்னு சொன்னதும் கண்ண விரிச்சு கேட்டுச்சு, அத ரெண்டு நாளா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு திரிஞ்சுச்சு.

மத்தபடி கிப்லா (தொழுவுற திசை) காட்டுறது சரியா இருக்கு, மேற்குல இருந்து கொஞ்சம் வடக்கால, காந்தம் வச்ச கவர் போட்டிருந்தா மட்டும் கழட்டிட்டு பாருங்க. விளம்பரம் தொழுகை நேரத்துல வர்றதில்ல, அதுக்காகவே ஒரு ஸ்டார்.

பயணத்துக்குன்னு ஒரு பட்டன் வேணும். கீழக்கரைக்கு போறப்ப நான் வழில எறங்கி லுஹரையும் (மதிய தொழுகை) அஸரையும் சேத்து, நாலு ரக்அத்த ரெண்டு ரெண்டா சுருக்கி தொழுதுட்டு திரும்ப வண்டில ஏறுனா அஸர் அலாரம் திரும்ப அடிக்குது, எங்க வீட்டுக்காரருக்கு அது தேவை தான், அவங்க சுருக்குவாங்க, சேக்க மாட்டாங்க. அவங்கவங்க போன்ல அவங்கவங்க மத்ஹபுக்கு செட் பண்ற மாதிரி குடுங்கன்னு ஆப்காரங்களுக்கு எழுதி போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. அதுவரைக்கும் பள்ளில குடுத்த நேர அட்டைய ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன், ஷாஃபி அஸருக்கு மட்டும் ஆப்.