பாட்டையா காலத்து பி.எஸ்.ஏ.வா, இச்சாப்பூர் ஆலையின் புதியதா: இரண்டு .315 ரைபிள்கள்

பர்மாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் (வணிகம் செய்யப்) போன செட்டிநாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டையா காலத்து பி.எஸ்.ஏ. (இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனி) .315 ரைபிள் இன்றும் லைசென்ஸோடு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. அதையே வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டுக் கொல்கத்தா அருகிலுள்ள இச்சாப்பூர் அரசு ஆலையில் செய்த .315 ஒன்றை வாங்குவதா என்ற கேள்வி, லைசென்ஸைப் பெயர் மாற்றும்போது பங்காளிகளிடையே எழுவது இயல்பு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைப் பேச்சுக்கு இடமில்லை. வீட்டுக் காவலுக்காக முறைப்படி வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இரண்டையும் ஒப்பிடுவது நியாயமானது. இந்த எண்கள் தோட்டாவின் அளவை அங்குலத்தில் குறிப்பவை. ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று ஆங்கில அரசு கருதியதால் இந்தியாவில் வேரூன்றியது .315. இரண்டு ரைபிள்களும் அந்த ஒரே தோட்டாவைச் சுடுபவை. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகமான போல்ட்டின் அமைப்பும் இரண்டிலும் ஆங்கிலப் படையின் லீ என்ஃபீல்டு ரைபிள் வழி வந்தது. ஆகவே வேறுபாடு வடிவத்தில் இல்லை, செய்த விதத்திலும் சரிபார்த்த விதத்திலும்தான் இருக்கிறது.

பழையதில் போல்ட்டை அந்தந்தத் துப்பாக்கிக்கென்று கையால் இழைத்துப் பொருத்தியிருப்பார்கள். பூட்டும் காதுகள் இரண்டும் பின்பக்கத்தில் இருப்பதால், இரண்டும் சமமாக அழுந்தி உட்கார வேண்டும். ஒன்று மட்டும் தாங்கினால் அடி முழுவதும் ஒரு பக்கமாக விழும். இதனால்தான் போல்ட்டின் பிடியில் பொறித்த எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். எண் மாறியிருந்தால், இடையில் யாரோ வேறு போல்ட்டை மாட்டியிருக்கிறார்கள். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை அளவுக் கட்டை (கேஜ்) வைத்துச் சோதிக்காமல் அதைச் சுடவே கூடாது. குழலும் கவனிக்கத்தக்கது. அக்காலத் தோட்டாக்களின் அடியிலிருந்து தீப்பொறி தரும் பொறிமருந்து விட்டுச்சென்ற உப்பு ஈரத்தை இழுத்துக் குழலை அரித்திருக்கும். செட்டிநாட்டின் வறண்ட காற்று ரங்கூனைவிட இரும்புக்கு நல்லதுதான் என்றாலும், அங்கே விழுந்த குழி இங்கே வந்து ஆறிவிடாது.

ஆலைத் துப்பாக்கியின் குறை வேறு வகையானது. வெட்டும் கருவி மழுங்க மழுங்க, அடுத்தடுத்த உருப்படிகள் கொஞ்சம் கொஞ்சமாக அளவு பிசகும். சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்க்கும் சோதனையில் அது தப்பிவிட்டால் ஒரு தொகுதியே பழுதாகும். ஆத்தங்குடியில் கையால் வார்த்த ஒரு தரைக்கல் கெட்டால் அந்த ஒரு கல்லோடு போயிற்று. ஆலையில் அச்சே கெட்டால் கூடம் முழுவதும் கெடும்.

ஆலை வேலையின் குறைகளுக்கு வெளிநாட்டிலும் உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவில் வின்செஸ்டர் 70 ரைபிளை 1964இல் செலவைக் குறைக்கும் வகையில் மாற்றியபோது, கையால் செதுக்கிய பிடி வேலைப்பாடு அழுத்திப் பதித்த கோடுகளானது. அதற்கு முந்தியவற்றுக்கு இன்றும் கூடுதல் விலை. 2004இல் பின்லாந்தின் சாக்கோ, டிக்கா ரைபிள்களில் துருப்பிடிக்காத எஃகுக் குழல்கள் சில வெடித்ததால் அவை திரும்ப அழைக்கப்பட்டன. 2014இல் ரெமிங்டன் தன் எக்ஸ்மார்க் ப்ரோ விசை கொண்ட ரைபிள்களைத் திரும்ப அழைத்ததற்கு, விசைத் தொகுதியைப் பூட்டும்போது பூசிய பசை அளவு மிஞ்சியதே காரணம். பசைத் துளி எவ்வளவு சிறியது! விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கக்கூடிய அபாயம் அதிலிருந்து பிறந்தது. ஆயினும் வரிசை எண் இருப்பதால் ஆலையால் திரும்ப அழைக்க முடிகிறது. பாட்டையாவின் துப்பாக்கிக்குப் பொறுப்பேற்க இன்று யாரும் இல்லை.

என் தீர்ப்பு புதியதன் பக்கமே, ஆனால் கடையிலேயே சோதித்த பிறகு. ஆலையில் கூடுதல் அழுத்தத் தோட்டா வைத்துச் சோதித்து முத்திரை இடுவது குழலின் வலிமைக்குச் சான்று. விசைக்கும் குறிக்கும் அது பொறுப்பல்ல. துப்பாக்கி காலி என்று இருமுறை உறுதி செய்து, போல்ட்டை இழுத்து மூடி, காப்பை (சேஃப்டியை) போட்டு விசையை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள்; பிறகு விசையைத் தொடாமல் காப்பை மட்டும் விடுவியுங்கள். அடிமுள் (தோட்டாவின் அடியில் தட்டும் ஊசி) தானாக விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது உள்ளே வளையமாக நிழல் தெரிந்தாலும் வேண்டாம்.

வாங்கியபின் உரிமம் பெற்ற சுடுதளத்தில் முதலில் சுடும் தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளை எறிந்துவிடாமல் அடிப்பகுதியைப் பாருங்கள். விளிம்புக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளப்பான கோடு விழுந்திருந்தால் போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடைவெளி அதிகம். அதோடு சுடுவதை நிறுத்தி, அந்தக் கூடுகளோடு கடைக்காரரிடம் திரும்பப் போக வேண்டும்.