குரூப் 4, குறுவை, பட்டறை: எது யாருக்கு ஒத்துவரும்?

அக்கா மகன் பி.காம். முடித்துவிட்டுக் கும்பகோணத்தில் வீட்டோடு இருக்கிறான். "மாமா, எதுல போனா நல்லது?" என்றான். சம்பளக் கணக்குப் போடத்தான் உட்கார்ந்தோம். பாதியிலேயே அது வேறு கணக்காகிவிட்டது.

முதலில் குரூப் 4, தமிழக அரசு வேலைக்கான தேர்வு. பத்தாம் வகுப்பு போதும் என்கிற தேர்வைப் பட்டதாரிகள்தான் விழுந்து விழுந்து எழுதுகிறார்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், பாதிக் கேள்வி தமிழில். மாசம் பிறந்தால் சம்பளம், ஊரில் மரியாதை, பெண் கொடுக்க வருபவர்களிடம் சொல்ல ஒரு பதில். நிச்சயம்தான் பெரிசு என்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. 'நானே முடிவெடுக்கணும்' என்கிற ஆளுக்கு, மேலே போய்க் கீழே வரும் கோப்பு ஆறு மாசத்தில் கசந்துவிடும்.

அடுத்து தாத்தா விட்டுப்போன ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். மேலதிகாரி இல்லை, சரி, மேட்டூர் இருக்கிறதே! ஜூன் 12-ல் திறக்க வேண்டிய அணை 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தது. போர்செட் இருந்தவர் நட்டார், இல்லாதவர் வானத்தைப் பார்த்தார். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டினால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குறுவை என்கிற குறுகிய கால நெல்லின் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டினால், தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு ரோட்டோரம் காவல் கிடக்க வேண்டியதுதான்.

சிங்கப்பூரையும் பேசினோம். கடனை அடைக்க நல்ல வழி. அவனுக்குக் கடன் இல்லை.

டொனால்ட் சூப்பர் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1970-ல் வெளியிட்ட வினாத்தாள், வேலையில் ஒருவர் தேடுவதை 15 வகையாகப் பிரிக்கிறது. பாதுகாப்பு, சுதந்திரம், படைப்பு, வருமானம் என்று போகும். அதை வைத்து அவனிடம் கேள்வி கேட்டிருக்கலாம். தேவைப்படவில்லை. குரூப் 4 பயிற்சிக்கான டெஸ்ட் பேட்ச் நோட்டில் பத்துப் பக்கம் தாண்டாதவன், எங்கள் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப்போட்டு ராத்திரி ஒரு மணி வரை விடாமல் உட்கார்ந்து ஓட வைத்தவன்.

அதனால்தான் சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். தென்னை ஓலையை நறுக்கி மடித்து அதையே அளவுகோலாக வைத்து மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகம். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சு, ஒரு சிலை. கற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் ஆகும், அதுவரை கூலி சொற்பம், தலைமுறையாகச் செய்பவர்கள் நடுவே புதுசாக நுழைவதும் லேசில்லை. பாதுகாப்பு தேடுபவர் பக்கத்திலேயே போகக் கூடாது.

அவன் கூலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஊத்தும்போது ஒரு பக்கம் நிறையலேன்னா?" என்றான்.

"மெழுகுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான் தம்பி" என்றார் அரம் போட்டுக்கொண்டிருந்தவர்.

குரூப் 4-க்கும் விண்ணப்பித்திருக்கிறான், அக்காவுக்காக. சனிக்கிழமையானால் சுவாமிமலை பஸ்.